நீலம் பிடிக்கும் இடம்

இலாரியோ எனக்கு முதலில் தந்தது
மோதிரம் அல்ல, ஓர் எலும்பு.
பைசந்து இறைச்சித் தொழிற்சாலையில்
இதயம் அறுக்கும் மேசை அவனுடையது.
கிழட்டு எருது ஒன்றின் நெஞ்சுக்குள்
கத்தி கடக்கென்று நின்றுவிட்டதாம்.
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான்:
கொஞ்சம் வளைந்து, கட்டைவிரல் நீளம்,
ஓரத்தில் இன்னும் கொழுப்பு.
"இதயத்துக்கு எலும்பு உண்டு, நெலிதா.
ஆஸ்பத்திரிக்காரி நீ, உனக்குத் தெரியாதா?"

தெரியாது.
அப்போது நான் சாயக்கிண்ணம் கழுவுகிறவள்.

மனிதருக்கு அங்கே எலும்பில்லை, நார்தான்.
இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு
ஆறு வருடமும் ஒரு நுண்ணோக்கியும் பிடித்தன.
மெழுகில் உறைந்த இதயத்தை
தலைமுடியைவிட மெல்லிய ஏடாகச் சீவி
மூன்று சாயத்தில் முக்கி எடுத்தால்
தசை சிவக்கும்.
நார் மட்டும் நீலம் பிடிக்கும்.
வால்வுகளைச் சுற்றி வளையம் என்கிறது பாடநூல்.
நான் பார்த்தது வளையமல்ல,
அவசரத்தில் மடித்துத் தைத்த விளிம்பு:
ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் தையலே விட்டுப்போய்,
நுரையீரல் பக்கத்து வால்வுக்கு
ஏறக்குறைய இல்லவே இல்லை.
மூன்று வால்வுகள் முட்டிக்கொள்ளும் மூலையில் மட்டும்
நீலம் திரண்டு கெட்டியாகி
முக்கோணமாய் உட்கார்ந்திருக்கும்.
மேலறைத் தசையும் கீழறைத் தசையும்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல்
அதன் இரு பக்கமும் நிற்கும்.
நடுவே ஓர் ஊசித்துளை.
துளைக்குள் ஒற்றை இழை.
துடி என்ற சொல்
அந்த வழியாகத்தான் இறங்கவேண்டும்,
வாசலில் சற்றே தயங்கி.

கருவில் முதலில் இந்தச் சுவரே கிடையாது.
ஒரே குழாய், ஒரே தசை, ஒரே குரல்.
பிறகு கூழ்போன்ற இரண்டு மெத்தைகள்
எதிரெதிரே பருத்து ஒட்டிக்கொள்ளும்;
வெளிப்பள்ளத்திலிருந்து நார் ஊர்ந்து வந்து
தசையைத் தசையிடமிருந்து பிரிக்கும்.

எங்கள் அரான்சாவுக்கு
ஒரு மயிரிழை பிரியாமல் நின்றுவிட்டது.
பத்தொன்பது வயதில், கூடைப்பந்து ஆட்டத்தின் பாதியில்,
நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து.
மொந்தெவிதேயோவில் தொடை வழியே கம்பி விட்டு
அந்த இழையைச் சுட்டார்கள்.
"கருவில் விட்டுப்போன வேலை, முடித்துவிட்டோம்"
என்றார் டாக்டர்.
நான் சிரித்தேன்.
சிகரெட் வாங்கப் போகிறேன் என்ற இலாரியோ
கார்களுக்கு நடுவே நின்று அழுததை
மூன்றாம் மாடி ஜன்னல் எனக்குக் காட்டியது.
அவன் சிகரெட் விட்டு எட்டு வருடமாகியிருந்தது.

அதற்கு முன்பும் பின்பும்
கல்நெஞ்சக்காரா என்று அவனை நான் ஏசிய இரவுகள் உண்டு.

போன மார்ச்சில், மாத்தேக்கு வெந்நீர் வைத்தவன்
அடுப்படியிலேயே சரிந்தான்.
எக்கோ திரையில்
இடப்பக்க வால்வின் ஓரம் வெள்ளையாக மின்னியது.
சுண்ணாம்பு.
எழுபத்தாறு வருடம்,
நாளுக்கு லட்சம் தடவை இழுபட்ட நார்,
எருதின் வழியில் போகத் தொடங்கியிருந்தது.
ஊசித்துளையும் இறுகி இழை நசுங்கிவிட்டது.
மேலே எழுபத்தெட்டு, கீழே முப்பத்திரண்டு.
சொல் இறங்கவேயில்லை.
கழுத்தெலும்புக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்துத் தைத்தார்கள்.
இப்போது அது சொல்கிறது, இதயம் கேட்கிறது.

வீட்டுக்கு வந்த அன்று
மேசை இழுப்பறையைக் குடைந்து
அந்த எலும்பை எடுத்தான்.
மஞ்சளேறி, ஓரம் பொடிந்திருந்தது.
"என் நெஞ்சை அறுத்தால்
கத்தி கடக்கென்று நிற்குமா, நெலிதா?"
பொய் சொல்ல எனக்குப் பயிற்சியில்லை.
"நிற்கும்" என்றேன்.

என்ன சந்தோஷம் அவனுக்கு!
மாத்தே கிண்ணத்தை என் பக்கம் நீட்டினான்.
வெந்நீர் ஆறிப்போயிருந்தது.
குடித்தேன்.