இடது கை

முதல் விதி: ரகசியம் தெரிந்த மருத்துவர்
இருபதாவது நிமிடத்தைத் தாண்டக் கூடாது.
அவரோடு கோப்பும் எரிய வேண்டும்.
சாட்சி பிழைத்தால் கதை ஏது?
எங்கள் படத்திலும் எரிந்தார்,
சியாத்துராவின் கைவிடப்பட்ட சுரங்க மருத்துவமனையில்,
மூன்று முறை. முதல் இரண்டு முறை
மழை வந்து காப்பாற்றிவிட்டது.

நான் கண்டின்யூட்டி பார்ப்பவள். பெயர் நுட்சா.
எந்தச் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
கோப்பையில் ஒயின் எந்த மட்டத்தில் நின்றது,
காயம் வலப்புருவத்திலா இடப்புருவத்திலா,
ஒருத்தியாவது மறக்காமல் இருக்கட்டும் என்று
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
தாமதமாக.

கதை தெரிந்ததுதான்.
போலீஸ்காரன் கொலைகாரனாகிறான்,
கொலைகாரன் போலீஸ்காரனாகிறான்.
கூடு விட்டுக் கூடு பாய
அந்தக் காலத்தில் ஒரு மந்திரம் போதும்;
இப்போது சிலிக்கான், தையல், வெள்ளைக் கட்டு,
கட்டை அவிழ்க்கும்போது எதிரே கண்ணாடி.
கண்ணாடியைக் குத்தி உடைத்தே ஆக வேண்டும்.
பதினோரு கண்ணாடி வாங்கினோம். ஒன்பது உடைந்தன.
ஒன்று என் குளியலறையில் இருக்கிறது.
மற்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வீட்டு நாய் முதலில் குரைக்கும்.
மனைவிக்குப் பிறகுதான் உறைக்கும்,
அதுவும் முத்தத்தில் உறைக்காது,
சூப்பில் அவன் உப்புப் போடும்போது உறைக்கும்.
ஏன் எப்போதும் நாய்க்கே முதலில் தெரிகிறது என்று
இயக்குநர் ஸ்வியாத்திடம் கேட்டேன்.
நாய்க்கு வசனம் இல்லையே, என்றார்.

திரையில் இரண்டு பேர் முகம் மாறினார்கள்.
படப்பிடிப்பில் நான்கு பேர்.
நாயகன் வக்தாங்குக்கு உயரம் ஆகாது.
ரோப்கார் கம்பியில் தொங்கியது பெசாரியோன்,
நாற்பத்தொரு வயது, முழங்காலில் இரண்டு திருகாணி.
வக்தாங்கின் விக், வக்தாங்கின் கோட்டு,
வக்தாங்கின் கன்னத்துத் தழும்பு.
டூப் என்றால் பொய் என்றும் ஓர் அர்த்தம்.
அன்று பள்ளத்தாக்குக்கு மேலே
பொய்யாக இருந்தது முகம் மட்டும்தான்.

கைப்பிடி நழுவியதும் அவன் எட்டிப் பிடித்தான்,
இடது கையால்.
வக்தாங் வலக்கைக்காரர்.
முந்தைய ஷாட்டில் வலது, பிந்தைய ஷாட்டில் வலது.
சிவப்பு மையில் எழுதினேன்:
காட்சி நாற்பத்தேழு, கை தவறு.
இன்னொரு டேக் போகலாமா என்று ஸ்வியாத் கேட்டபோது
பெசாரியோன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மோதிர விரல் மடங்கவில்லை.
ஓகே, என்றார்கள்.
டூப்பின் கையை யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்தார்கள்.
குதாயிசியில் முதல் காட்சி முடிந்து
தியேட்டர் வாசலில் புகைக்கும் நடுவே சண்டை:
கம்பியில் தொங்கினவன் போலீஸ்காரனே இல்லையப்பா,
கை மாறினதைக் கவனிச்சியா,
அங்கேயே சொல்லிட்டான் அந்த ஆளு, என்ன மூளை!
ஆள்மாறாட்டக் கதைக்கு டிக்கெட் எடுத்தவன்
பிழையைக்கூடப் பிழை என்று நம்ப மாட்டான்.
இந்த விதியை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஸ்வியாத் இப்போது பேட்டிகளில்
தாடியைத் தடவிக்கொண்டு
அது திட்டமிட்டதுதான் என்கிறார்.
என் நோட்டை ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று
வாங்கிப் போனார். வரவில்லை.
நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

இரண்டாவது வாரம் பெசாரியோன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.
நாற்பத்தேழு வந்தது.
அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க
அவன் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு
“அன்னிக்குச் சரியான குளிர்” என்றான்.
முடிவில் பெயர்கள் ஓடின.
பெரும்பாலோர் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
அவன் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
நோட்டு இல்லாததால்
உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.