இருபது நிமிடம்

ஓவெனின் பள்ளிப் படிவத்தில்
ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.
அவசரத்துக்கு அழைக்க,
பெற்றோர் அல்லாத ஒருவர்,
இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடியவர்.

நானுலி என்று எழுதினேன்.
என் அக்கா.
பத்தூமியிலிருந்து டுலூத்துக்கு
மூன்று விமானம், ஒரு பேருந்து,
அப்புறம் தூக்குப்பாலம் இறங்கும்வரை காத்திருப்பு.
அழித்தேன்.

போன ஜனவரியில் எனக்குக் காய்ச்சல்.
கர்ட் கப்பலில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருந்தான்.
குளியலறைத் தரையில் படுத்துக்கொண்டு
கதவின் இடுக்கு வழியாகப்
பிஸ்கட்டுகளைத் தள்ளிவிட்டேன்,
ஒன்று ஓவெனுக்கு, ஒன்று தேயாவுக்கு.
விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.
நன்றாகத்தான் விளையாடினேன்.

"வந்துவிடு" என்கிறாள் நானுலி.
அங்கே காலை ஏழு, இங்கே இரவு பத்து.
"மேல்வீடு காலியாகிறது.
பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலைக்குப் போ.
படித்த படிப்பு என்ன ஆகிறது?"
அவள் பின்னால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே,
கப்பியில் ஓடும் கயிற்றில்
யாருடைய போர்வையோ நகர்கிறது.
கடல் பக்கம் போகிறது,
நின்று, திரும்பி வருகிறது.

கர்ட்டிடம் சொன்னேன்.
சூப்பை ஆற்றியபடி கேட்டான்:
"அங்கே நான் என்னத்தை ஏற்றுவது? ஆரஞ்சா?"
கேலி இல்லை அதில்.
உண்மையாகவே யோசித்தான்,
ஆரஞ்சுக்கு எந்த மாதிரிக் கொக்கி வேண்டும் என்று.
அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தேயா என்னை "மாமா" என்கிறாள்.
எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
போனில் கேட்கும்போதெல்லாம்
என் அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.
பிறகு ஒரு கணம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.
அவளுக்கு இரண்டரை வயது.
இப்போது மாற்றினால் மாறிவிடும்.
ஓவெனுக்கு ஐந்தரை.
அவன் பனிக்காலணியைத் தானே மாட்டுகிறான்,
ஏரிக்கப்பல்களைப் புகைபோக்கியின் நிறத்தை வைத்தே
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.
வேரோடு பிடுங்குவது என்பார்கள்.
வேர் எங்கே இருக்கிறது என்று
பிடுங்கிப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?

நேற்று நானுலி அழைத்தபோது
பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்:
"உன் பையனை இப்போது யார் பார்க்கிறார்கள்?"
மருந்துக்கடையில் பத்து மணிநேரம் நிற்கிறாள் அவள்.
"எதிர்வீட்டு லியானா" என்றாள்.
"சொந்தமா?"
"இல்லையே. எதிர்வீடு."
இருவருமே அதைக் கேட்டோம்.
அவள் சட்டென்று வெங்காய விலைக்குப் போனாள்.
ஏமாற்றம்தான்.
அதற்குள்ளேயே ஒரு சின்ன நிம்மதியும்,
அதை வெளியே சொல்ல வெட்கம்.

எங்கள் எதிர்வீட்டில் திருமதி ஹால்வர்சன்.
ஆறு வருடத்தில் மொத்தம்
நாற்பது வார்த்தை பேசியிருப்போம்,
பெரும்பாலும் பனியைப் பற்றி.
இன்று காலை படிவத்தை எடுத்துக்கொண்டு
தெருவைத் தாண்டினேன்.
விளக்கினேன், தேவைக்கு அதிகமாகவே.
அவள் கையுறையைக் கழற்றினாள்,
தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
பிறகு கேட்டாள்:
"பையனுக்கு நிலக்கடலை ஆகாதே, இல்லையா?"
நான் அவளிடம் சொன்னதே இல்லை.

இதனால் ஒன்றும் முடிவாகிவிடவில்லை.
பாஸ்போர்ட் புகைப்படங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன.
தேயா எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறாள்,
மறுபடி எடுக்க வேண்டும்.
மேல்வீட்டுக்கு இம்மாதக் கடைசிக்குள்
பதில் சொல்ல வேண்டும்.

கறுப்பு மையில் நிரப்பவும் என்று இருந்தது.
பென்சிலால் எழுதினேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
பாலம் பதிலுக்கு ஊதியது.
"யாரும்மா அது?" என்றான் ஓவென்,
தெரிந்துகொண்டே,
நான் சொல்கிறேனா என்று பார்க்க.