நடுவில் ஓட்டை

ஹப்புத்தளையில் மார்கழி என்றால்
மா பொங்காது.
ஈஸ்ட்டைச் சீனித்தண்ணீரில் எழுப்பிக்
கம்பளிக்குள் வைத்துப் பார்த்தோம்,
அரிசி மூட்டை மேலே, பூனைக்குப் பக்கத்திலே.
விடியக் காலையில் தொட்டால்
ஆற்றுக்கல் மாதிரிக் கிடக்கிறது.

பிலோமினா சொன்னாள்:
சைப்ரஸில் இதற்கென்றே ஒரு பெட்டி,
கண்ணாடிக் கதவு, உள்ளே இதமான வெக்கை.
மதாமின் நாய்க்கும்
அதே மாதிரி ஒன்று இருந்தது.
எனக்கு இருந்தது ஸ்டோர் ரூம்.

எனக்குத் தெரிந்த வெக்கை ஒன்றுதான்.
ஃபெக்டரியில், டிரையருக்குப் பின்னால்,
விறகுச் சூடு சுவரில் ஊறி
இரவு ஷிஃப்டில் நாங்கள் முதுகு சாய்க்கும்
இரண்டடி இடம்.

வெள்ளி இரவு
என் நாலடுக்குக் கேரியரில் சோறில்லை.
மேல்தட்டில் பீட்ரூட் சாறு குடித்த மா.
அதற்குக் கீழே மஞ்சள்.
அதற்கும் கீழே பசளி.
அடியில், வெல்லவாய பஸ்ஸில் வந்த
காய்ந்த சங்குப்பூவின் நீலம்.
வாச்சர் கேட்டான், "என்ன கறி அக்கா?"
"எல்லாக் கறியும்."

ஒன்றரை மணிக்குக்
கொக்கி தெறித்த சத்தம்.
மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு
ரோசா நிறத்தில் எழுந்து நிற்கிறது மா.
டீமேக்கர் தென்னக்கோன் வந்தார்.
இலையை மோந்தே நேரம் சொல்கிற மனுசன்.
குனிந்தார். மோந்தார்.
சுட்டுவிரலால் ஒரு குத்து.
அந்தக் குழி மெல்ல, மெல்ல
நிரம்பி வருவதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"டைம் சரி," என்றார்.
என்னிடமா மாவிடமா, தெரியவில்லை.
"தேயிலையில் ஈஸ்ட் மணந்தால்
கொழும்பில் என் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்.
நாலு மணிக்கு முன்னால் எடுத்துவிடு."

நாலேகாலுக்குப் பிலோமினாவின் குசினி.
நான்கு நிறத்தையும் திரியாக உருட்டி,
ஒன்றோடொன்று முறுக்கி,
உள்ளங்கையைச் சுற்றி வளைத்து
நுனியை நுனியில் அழுத்தினாள்.
"பெரிய வடை," என்றேன்.
"வடை இல்ல. டோனட்டும் இல்ல. பேகல்.
கொதிக்கிற தண்ணியில விழாம
நேரா அவனுக்குப் போச்சுன்னா
அது வெறும் பணிஸ்."

தண்ணீருக்குள் ஆப்பச்சோடா ஒரு கரண்டி.
முதல் வளையம் விழுந்தது,
அமிழ்ந்தது, மிதந்தது, புரண்டது.
மஞ்சள் இருந்த இடமெல்லாம் சிவப்பு!
பிலோமினா மாதாவைக் கூப்பிட்டாள்.
நீலம் பச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறது,
பீட்ரூட் எங்கே போகிறதென்று
அதற்கே தெரியவில்லை.
பன்னிரண்டு வருசம்
அடுத்தவள் அடுப்பில் அழாமல் நின்றவள்
சொந்த அடுப்பில்
அகப்பையும் கையுமாய் அழப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்னாகும்?
சோடாவும் அதே சாதிதானே!
ஆரத்தி கரைத்து வைத்திருக்கிறாய், பிள்ளை.
"நாங்க வேதக்காரங்க," என்றாள் மூக்கை உறிஞ்சி.
"எங்க வீட்டுல ஆரத்தி எடுக்கிறதில்ல."
இரண்டாவது வளையத்தைப் போட்டாள்.

அவனுக்குள் ஒரு தடவைக்கு ஆறு.
கேஸ் தீரப்போகிறது என்று
சிலிண்டரைச் சரித்து உலுக்கியபடி
நாலு தடவை.
எள்ளு உதிர்ந்த தட்டை நான் நக்கினேன்,
யாரிடமும் சொல்லவேண்டாம்.

இருபத்துநாலில் ஒன்றைப் பேப்பரில் சுற்றி
வாச்சரிடம் கொடுத்தேன்,
தென்னக்கோன் மேசைக்கு.
மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு
காலை ரயில்.
பனிக்குள் பனிக்குள் போய்
எல்லவில் இறங்கினால்
பிளாட்ஃபோமிலேயே நிற்கிறான்
கெஸ்ட்ஹவுஸ் லஹிரு.

போனில் இருந்த படத்தைப் பார்த்தான்.
கூடையைப் பார்த்தான்.
ஒன்றை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து,
ஓட்டை வழியாக
மலையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.
"இது என்ன கலர்?"
நான் வாயைத் திறக்குமுன்
பிலோமினா நிமிர்ந்து சொன்னாள்:
"ஆரத்தி."

சொல்லச் சொல்லிக் கேட்டு
சிங்களத்தில் எழுதிக்கொண்டான்.
அடுத்த சனிக்கு முப்பத்தாறு வேணுமாம்,
எல்லாம் இதே கலர்.
காசு மட்டும்
இருபத்துமூன்றுக்குத்தான் தந்தான்.