186க்குப் பிறகு 189

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்:
அழுதேன்.
அக்கரைப்பற்றில், டிப்போவுக்குப் பின்வளவில்,
வாடகை வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு,
சோறு பொங்கி நெருப்பை அணைத்தது தெரியாமல்.

பிரவுண் பேப்பர் உறை போட்ட நூலகத்துக் கதை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
விஷ்வந்த் என்று ஒருவன், கோயம்புத்தூர்,
அவனுக்குப் பெரிய காரும் பெரிய கோபமும்.
தாரிகா என்று ஒருத்தி.
வேலைக்குப் போகிறாள், என்ன வேலை என்று
எழுதினவருக்கே தெரியாது போல.
பாட்டம் பாட்டமாக மழை பெய்கிறது, இருவரும் நனைகிறார்கள்,
ஒருவருக்கும் தடிமன் பிடிக்கவில்லை.
எங்களுக்கென்றால் டிசம்பர் முழுக்க
உடுப்புக் காயாமல் மக்கல் மணம்.

சிரித்துச் சிரித்துத்தான் வாசித்தேன்.
பகலில் அபாயாக்களுக்குக் கல் ஒட்டும் வேலை எனக்கு;
விரல் பசையில் 74ஆம் பக்கம் ஒட்டி
ஒரு முத்தம் பாதி உரிந்துபோயிற்று.
(அதற்குத் தண்டம் கேட்டால் கட்டுவேன்.)

பிறகு 186.
"நான் ஏன் போனேன் என்று தெரியுமா உனக்கு?"
தெரியாது என்று தலையாட்டினாள் அவள்.
கடைசி வரியில் ஒரே ஒரு சொல்:
அவன்

மறுகா புரட்டினால் 189.
ஒரு தாள் இல்லை.
அவசரக் கிழிப்பு இல்லை அது. தையலோடு ஒட்டி
ஆறுதலாக எடுத்திருக்கிறார்கள்;
எலிப்பல் போல ஓரம் மட்டும் மிச்சம்.

189இல் விக்கி விக்கி அழுகிறாள் தாரிகா.
"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால்" என்கிறாள்.
எதை?
எதை என்று தெரியாமலே
நானும் அவளும் சேர்ந்து அழுதது அந்த இடத்தில்தான்.

நூலகத்து மஸீதா ராத்தாவிடம் கேட்டேன்.
திகதித் துண்டைப் பார்த்தார். என்னோடு பதினொரு முத்திரை.
"இதுவரைக்கும் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லல்லியேகா" என்றார்.
எனக்கு முந்திப் பத்துப் பேர்
தங்கள் தங்கள் வீட்டில் கிடந்த எதையோ
அந்த இடத்தில் வைத்து வாசித்துவிட்டு
சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

என் வீட்டில் கிடப்பது இது:
பிள்ளை பிறந்து நாலாம் நாள்
ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தோம்.
நாற்பது கழியவில்லை,
நிஃமத் வெட்டு மிசினோடு பொலன்னறுவைக்குப் போனார்.
எட்டு மாதம்.
மாதா மாதம் காசு வந்தது, குரல் வரவில்லை.
ஒருநாள் அஸருக்குப் பின் வந்து இறங்கினார்,
ஒரு மூடை சம்பாவும் ஒரு நிற்கிற ஃபேனும்.
வாங்க என்றேன்.
தேத்தண்ணி ஊற்றினேன்.
ஃபேனுக்குப் பிளக் மாற்றவேண்டி இருந்தது, மாற்றினார்.
ஆறு வருசம் ஆகிறது.

விஷ்வந்தை எனக்குப் பிடிக்கவில்லை.
கதவை அடித்துச் சாத்துகிறவனை யாருக்குப் பிடிக்கும்.
ஆனாலும் அவன் வாய் திறந்தான்.
சொன்னதை யார் கொண்டுபோனது என்பது வேறு கதை.

நேற்றிரவு மேசையில்,
அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில்
186ஐ விரித்து வைத்தேன், உப்புப் போத்தல் பாரமாக.
பேப்பரில் நெல் விலை தவிர ஒன்றும் வாசிக்காத மனிதர்.
வாசித்தார். விரல் வைத்து, வரி வரியாக.
தாளைப் புரட்டினார். திரும்பவும் பின்னுக்கு.
"மிச்சம் எங்க?"
"அதத்தான் நானும் கேக்கன்" என்றேன்.

சூடைமீன் பொரியல் ஆறிக்கொண்டிருந்தது.
எழும்பினார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன்.
ஃபேனை நிற்பாட்டினார்.
இறக்கை மூன்றும் ஓயும்வரை பார்த்து நின்றார்.
பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு,
கழுவாத கையை மடியில் வைத்தபடி,
அவர்