நாற்பத்தொன்று

வரிக்கு அடியில் மஞ்சள் நெளிகோடு.
கடலைப் பார்த்திராத யாரோ
வரைந்த அலைபோல.

சுன்வா சுட்டியை அதன்மேல் நகர்த்துகிறாள்.
சின்னப் பெட்டி விரிகிறது:
எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு போதாது,
இருப்பது இரண்டு புள்ளி மூன்று,
வேண்டியது நான்கரை.

எதிர்த்தீவுக்குப் போகும் படகின் வலைத்தளம்.
வெள்ளைமேல் வெளிர்சாம்பல், ஹோக்னி தேர்ந்த நிறம்.
டோர்ஷவ்ன் துறைமுகத்தில் மூன்று விடியல் நின்று
மூடுபனியைப் படமெடுத்து
அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்தான்.
நான்கரை வேண்டுமாம் என்றால்
மூடுபனிக்கு மதிப்பெண் போடுகிறதா உன் நீட்சி
என்று கேட்பான்.
சொன்னாள். கேட்டான்.

ஆகவே ஒரு வரி சேர்த்தாள்:
இந்த விதியை இங்கே கண்டுகொள்ளாதே.
சொன்ன பேச்சுக் கேட்டு நெளிகோடு மறைந்தது.
நாற்பத்தொரு பிழை நாற்பதானது.
திருத்தியதா, வாயடைத்ததா,
எண்ணுக்கு என்ன தெரியும்.

வியாழனன்று வெயில்.
இந்த ஊரில் அதுவே ஒரு செய்தி.
சோதனைப் பதிப்பைப் படகடிக்குக் கொண்டுபோனாள்.
சீட்டுக் கிழிக்கும் ட்ரோன்டுர்
கைபேசியைக் கிட்டே பிடித்தான், எட்டிப் பிடித்தான்,
தொப்பியைக் கழற்றி நிழல் செய்தான்.
"அழகாக இருக்கிறது. நேரம் எங்கே?"
அங்கேயேதான் என்று வாங்கிப் பார்த்தாள்.
தன் மூக்கு தெரிந்தது,
மேலே ஒரு கடற்பறவை.
தொப்பி அதற்குள் தண்ணீரில்.

திரும்பி வந்து அந்த ஒரு வரியை அழித்தாள்.
மஞ்சள் அலை வந்தது,
எங்கும் போகாதது போல.
சாம்பலை இருட்டினாள், இன்னும் இருட்டினாள்,
நான்கு புள்ளி ஆறு.
ஹோக்னி மதியம்வரை பேசவில்லை.
பிறகு வந்து அந்த நிறத்துக்கு
ஈரக்கல் என்று பெயர் எழுதிவிட்டுப் போனான்.

அடுத்தது, விவரம் இல்லாத புகைப்படம்.
"படம்" என்று தட்டினாள்.
நீட்சிக்குத் திருப்தி. கோடு போய்விட்டது.
வெறுமை அதற்குப் பிடிபடும்,
சாக்குப்போக்கு பிடிபடாது.
கண் தெரியாத ஒருவருக்குத் திரை அதை வாசிக்கும்:
படம்.
கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.
அழித்துவிட்டுத் தன் மொழியில் எழுதினாள்:
"படகின் பின்தளம். கட்டிப்போட்ட ஓர் ஆட்டுக்கடா,
இரண்டு சைக்கிள்,
சிரிப்பை அடக்கும் சீட்டுக்காரர்."

முப்பத்தொன்பது.

ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில்
இப்போது சிவப்பு நெளிகோடு.
அது இன்னொன்றின் வேலை, எழுத்துப்பிழை பார்ப்பது.
ஐம்பதாயிரம் பேர் பேசும் மொழியை
அது கேள்விப்பட்டதில்லை.

அதை மட்டும் அவள் திருத்துவதில்லை.