சேதத்தின் காரணம்

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பனிவாரி வண்டி, காற்று, துரு, பிற.
ஏழு வருடமாக நான் டிக் செய்வது
நான்காவதில்.

சாலைத்துறையில் வேலை எனக்கு.
விழுந்த பலகையை நிமிர்த்துவேன், வளைந்த கம்பத்தை மாற்றுவேன்.
நார்வேயின் வடமுனை. ஜூனில் சூரியன் வீட்டுக்குப் போகாது,
டிசம்பரில் வேலைக்கு வராது.
கரடியாற்றுப் பாலத்தருகே ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்று.
மேல்வரி எங்கள் ஸாமி மொழியில்,
கீழ்வரி நார்வேஜிய மொழியில்.

இந்த வசந்தத்தில் மேல்வரியில் பதினொரு துளை.
போன வசந்தத்தில் ஒன்பது.
கீழ்வரியில் கீறல்கூட இல்லை.
இரண்டுக்கும் நடுவே நான்கு விரல்கடைதான் இடைவெளி.
கை நடுங்காதவன்,
அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"பையன்கள். வேட்டைக்கு முன் குறி பார்க்கிறார்கள்"
என்கிறார் மேலாளர் ஒட்வார். நல்ல மனிதர்.
என் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கி வைத்தவர்.
ஆனால் ஒட்வார்,
இருநூறு மீட்டர் தள்ளி
எல்க் மான் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கிறதே,
வேட்டைக்காரனுக்கு அதைவிட வாகான இலக்கு உண்டா?
அது புத்தம்புதிதாக நிற்கிறது.
அவர் காப்பியைக் கலக்கினார்.
சர்க்கரை போடாத காப்பி.

போன குளிர்காலத்தில் தங்கை சுன்னாவை
மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அடிவயிற்றில் வலி.
மொழிபெயர்ப்பாளர் கேட்டோம்.
"எங்கள் மொழியை நன்றாகத்தானே பேசுகிறீர்கள்" என்றாள் செவிலி.
பேசுவோம்.
பால் வாங்க, வரி கட்ட, மன்னிப்புக் கேட்கப் பேசுவோம்.
குத்துகிறதா, கயிறாய் முறுக்குகிறதா என்று சொல்ல
அவளுக்கு இருப்பது மேல்வரி மொழிதான்.
மருத்துவர் எழுதினார்: நோயாளி அமைதியாக இருக்கிறார்.
அன்றிரவு குடல்வால் வெடித்தது.
பிழைத்துக்கொண்டாள்.
அதற்கும் எங்கோ ஒரு படிவம் இருக்கும்.
அதிலும் ஒரு 'பிற' இருக்கும்.

அக்டோபரில் நகர்மன்றக் கூட்டம். பொருள் எண் பதினான்கு:
பலகை மாற்றும் செலவு கூடிக்கொண்டே போவதால்
மேல்வரியை எடுத்துவிடலாம்.
சுட ஆளில்லாமல் செய்ய முடியாது,
சுட எழுத்தில்லாமல் செய்யலாம்.
சிக்கனம்.

கழற்றிய பலகைகளை நான் தூக்கிப் போட்டதில்லை.
கார்க் கொட்டகையில், கோடைச் சக்கரங்களுக்குப் பின்னால்
ஏழும் இருந்தன.
வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.
ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தேன்.
"மேசை கீறிவிடும்" என்றார் ஒருவர்.
பிர்ச் மரம், மெருகிட்டது.
உண்மைதான், கீறியது.

எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.
ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டேன்.
நுழைந்தது.
"இது காற்று இல்லை. துருவும் இல்லை.
'சுடப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்."
தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"குறிப்பேட்டில் முடிவுகளை மட்டும்தான் எழுதுவோம், ரவ்னா."
முடிவு: ஒத்திவைப்பு.

பின்வரிசையில் ஒட்வார் இருந்திருக்கிறார்.
பலகைகளை இறக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்,
ஒன்றும் பேசாமல்.
கேக்கைவிடப் பெரிது அது.
கொஞ்சம்தான்.

ஒத்திவைத்ததால் பழைய ஆர்டர் செல்லும்.
புதுப் பலகை வந்தது, இரண்டு வரியோடும்.
இன்று காலை, பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி,
மாட்டி மரை முடுக்கினேன்.
வண்டியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.
'பிற' என்பதை அடித்தேன்.
அதற்குக் கீழே, ஸ்கேல் இல்லாமல், கோணலாக,
ஐந்தாவதாக ஒரு கட்டம்.
மூன்று பக்கம் வந்தது.
நான்காவதில் மை உறைந்துவிட்டது.

பேனாவை வாயருகே பிடித்து
ஊதிக்கொண்டிருக்கிறேன்.
பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.