சிவப்பு நாடா

விடிய ஐந்தரைக்கு இரணைமடுக் கட்டில் விசில் ஊதினார்கள்.
எனக்கு 214.
நெஞ்சில் குத்திய இலக்கம் பனியில் நனைந்து
முதல் கிலோமீற்றரிலேயே ஒரு மூலை கழன்றுவிட்டது.

இடப்பக்கம் குளம், புகை மாதிரி.
முன்னால் கொழும்புப் பெடியங்கள்,
மூச்சையும் மணிக்கூட்டில் பார்க்கிறவர்கள்.
பின்னால் கூட்டுறவுக் கடைத் தர்மினி:
"மெல்லப் போடி, காடு எங்கையும் ஓடாது."

கட்டு முடியக் கிறவல்,
கிறவல் முடிய மணல்,
பிறகு காடு எங்களை ஒற்றை வரிசையாக்கியது.
பாலை, வீரை, இடையில் சூரைமுள்.
நடுப்பாதையில் யானை லத்தி,
ஆவி இன்னும் பறந்தபடி.
எல்லாரும் கொஞ்சம் கெதியானோம்.

ஒன்பதாவது கிலோமீற்றரில் தூர்ந்த குளம் ஒன்று.
ஆர் கட்டினதென்று ஒருத்தருக்கும் தெரியாது.
கட்டுக்குள் செங்கல், செங்கலுக்குள் வேர்.
அதில் பாதை இரண்டாகப் பிரிகிறது.
வலப்பக்க முதிரையில் சிவப்பு நாடா.

நின்றுவிட்டேன்.

வழி இதுதான் என்று சொல்லக் கட்டியது.
முதல்நாள் கூட்டத்தில் விளங்கப்படுத்தினார்கள்,
நானும் தலையாட்டினேன்.
காலுக்கு ஆர் சொல்வது?
ஆறு வருசம் அது
சிவப்புத் தடிக்கு இப்பால் இருந்து பழகியது.
ஒரு மீற்றர் அகலம்,
முகத்துக்கு முன்னால் வேர்த்த கண்ணாடி,
புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டி
மண்ணை விரற்கடை விரற்கடையாய்ச் சுரண்டி
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற இடம்.

இந்தக் கட்டு என்னுடைய பங்கு.
ஏழு மாதம்.
ஆணி, மீன்ரின் மூடி, சன்னக் கோது,
பதினொரு மிதிவெடி.
ஒருநாள் கருவி கத்த, ஒரு மணித்தியாலம் வயிற்றில் கிடந்து
கிண்டி எடுத்தது செப்புக் காசு.
ஒரு பக்கம் மாடு போல ஏதோ,
மறுபக்கம் தேய்ந்து வழுவழு.
மேற்பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார்:
உலோகக் குப்பை, ஒன்று.
அந்த ராசாவை நினைத்து
மத்தியானம் முழுக்கச் சிரித்தோம்.

"அக்கா, அதுதான் வழி! சிவப்பு!"
ஒரு பெடியன் தோளை உரசிக்கொண்டு போனான்.
பிறகு ஒருத்தி. பிறகு இரண்டு பேர்.
மண் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாது.
அதைக் கேட்டு முடித்தவளே நான்தான்.

தர்மினி வந்து முழங்காலில் கையூன்றினாள்.
"என்ன, கால் பிடிச்சிட்டுதோ?"
"ஓம்."
போத்தலை நீட்டினாள். குடித்தேன்.

பிறகு ஓடினேன்.
ஏழு மாதம் நாற்பது செக்கனில் முடிந்தது.
கீழே பார்க்கவில்லை என்றால் பொய்,
ஒவ்வொரு அடியையும் பார்த்தேன்.
கட்டு முடிகிற இடத்தில் அடுத்த நாடா,
காற்றுக்கு அவிழப் பார்த்தது.
நின்று, முடிச்சை இறுக்கிவிட்டுப் போனேன்.

பெண்களில் பதினேழாவது.
ஒரு வாழைப்பழம், ஒரு பதக்கம்.
தர்மினி தன்னுடையதைக் கடித்துப் பார்த்து
"தகரம்" என்றாள்.